காருக்கு நகை பூட்டலாமா?

கம்பெனி கிட் நல்லதா? கடைக் கிட் நல்லதா?

புதுக் கார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

கோவிலில் பூசை போட்டாகிவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அக்கம்பக்கத்துக்கு இனிப்பும் கொடுத்தாகிவிட்டது.

பத்து நாள் ஆகிறது. வீட்டுப் பிள்ளை மெல்லப் பேச்சை எடுக்கிறான்.

"அப்பா, நம் கார் மொட்டையாக இருக்கிறது. ஒரு பாடி கிட் போட்டால் ஜோராக இருக்கும்."

"அது என்னடா கிட்?"

"முன்னாலும் பின்னாலும் பம்பரை மாற்றுவார்கள். இரண்டு பக்கமும் பட்டை வைப்பார்கள். பின்னால் ஒரு இறக்கை வைப்பார்கள். பந்தயக் கார் மாதிரி இருக்கும்."

"எவ்வளவு ஆகும்?"

"கம்பெனி கிட் என்றால் விலை அதிகம். வெளியே கடையில் வாங்கினால் பாதிப் பணத்தில் முடிந்துவிடும்."

பாதிப் பணம்! அந்த ஒரு சொல்லிலேயே அப்பா இளகிவிடுகிறார்.

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வருகிறது.

"நாளைக்கு அதனால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், யாரைப் போய்க் கேட்பது?"

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. கார் வாங்கும் பல வீடுகளில் நடக்கிற பேச்சு. பிள்ளை அழகைப் பார்க்கிறான். அப்பா விலையைப் பார்க்கிறார். அம்மாதான் பொறுப்பைப் பார்க்கிறாள்.

மூவரில் சரியான கேள்வி கேட்டவள் அம்மா!

கிட் என்பது என்ன?

காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் சாமான்களின் தொகுப்புக்குத்தான் பாடி கிட் என்று பெயர். முன் பம்பர், அல்லது அதன் அடியில் ஒட்டும் உதடு. கதவுகளுக்குக் கீழே வரும் பக்கப் பட்டை. பின் பம்பர். பின் கண்ணாடிக்கு மேலோ, டிக்கியின் மேலோ நிற்கும் ஸ்பாய்லர் என்ற இறக்கை. இவைதான் முக்கியமானவை.

இது இரண்டு வழியில் கிடைக்கிறது.

காரைச் செய்த கம்பெனியே செய்து, அல்லது தன் அளவுப்படி செய்யச் சொல்லி, தன் பெயரில் விற்பது ஒன்று. அது கம்பெனி கிட்.

கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லாத வேறொருவர் செய்து, கடையில் விற்பது மற்றொன்று. அது கடைக் கிட். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால், காரை அலங்கரிக்கும் சாமான் கடைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைக் கிட் சில சமயம் இன்னும் கவர்ச்சியாகக்கூட இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

பந்தயத்தில் பிறந்த ஆசை

இந்த இறக்கை ஆசை எங்கிருந்து வந்தது? கார்ப் பந்தயத்தில் இருந்து வந்தது.

அதிவேகமாகப் போகும் காரைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். சக்கரம் தரையில் பிடிப்பு இழக்கும். அதைத் தடுத்து, காரைத் தரையோடு அமுக்கி வைக்கத்தான் இறக்கை.

1973-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, தனது 3.0 சி.எஸ்.எல். என்ற காருக்குப் பெரிய பின் இறக்கை ஒன்று செய்தது. பந்தயத்தில் அதைப் பயன்படுத்த வேண்டுமானால், மக்களுக்கு விற்கும் காருடனும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால், அந்த இறக்கையோடு சாலையில் ஓட்ட ஜெர்மன் நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இறக்கையைக் கழற்றி, கார் டிக்கிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டது!

பந்தயத் திடலுக்கு ஏற்றது ஊர்ச் சாலைக்கு ஏற்றது அல்ல என்று அன்றே அந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது.

இறக்கையின் வேலை வேகத்தைப் பொறுத்தது. 40 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றின் விசை ஒரு பங்கு என்றால், 80-ல் அது நான்கு பங்கு. 120-ல் ஒன்பது பங்கு. காய்கறி மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 30 கிலோ மீட்டர் வேகத்தில் போய்வரும் காருக்குப் பெரிய இறக்கை எதற்கு? அழகுக்கு மட்டும்தான்.

அழகு தவறா? தவறு அல்ல. உழைத்துச் சம்பாதித்து வாங்கிய கார். அதை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயற்கை. ஆனால் எது நகை, எது எலும்பு என்று தெரிந்துகொண்டு கை வைக்க வேண்டும்.

பம்பர் நகை அல்ல!

காரின் முன்பக்கத்தில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் தோல். அதன் பின்னால் இடியை வாங்கிக்கொள்ளும் பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் குறுக்கே ஒரு பலமான உலோகத் தண்டு. அதைத் தாங்க, அடி விழுந்தால் மடிந்து நசுங்குவதற்கென்றே செய்த பெட்டி போன்ற உறுப்புகள்.

நசுங்குவதற்கென்றே செய்வார்களா? ஆம்!

பேலா பாரெனி என்பவர் ஆஸ்திரியாவில் பிறந்தவர். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியில் பொறியாளராக வேலை பார்த்தவர். காரின் நடுப்பகுதி, அதாவது மனிதர் உட்காரும் இடம், கெட்டியாக இருக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். 1951-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். 1959-ல் வந்த மெர்சிடிஸ் காரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம், "முழுக் காரும் இரும்பு மாதிரி இருந்தால்தான் பத்திரம்" என்றே பலர் நம்பினார்கள்.

முன்பக்கம் நசுங்கினால் என்ன லாபம்? இடியின் வேகத்தை அது தின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வந்து சேரும் அடி குறைகிறது. உயரத்தில் இருந்து சிமெண்டுத் தரையில் குதிப்பதற்கும், வைக்கோல் போரில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

காற்றுப் பையும் இதோடு சேர்ந்தே வேலை செய்கிறது. கார் மோதியதும், எவ்வளவு வேகமாக அது தடைப்படுகிறது என்பதை உணர் கருவிகள் கணித்துச் செய்தி அனுப்புகின்றன. ஒரு வினாடியை முப்பதாகப் பங்கு போட்டால், அதில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரத்தில் பை விரிந்துவிடுகிறது. கண் இமைத்து முடிப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது!

இவ்வளவு நுட்பமான கணக்கில் போய், கணக்குத் தெரியாதவர் ஒரு இரும்பையோ கனமான பைபரையோ சேர்த்தால் என்ன ஆகும்? நசுங்க வேண்டியது நசுங்காமல் போகலாம். காற்றுப் பை விரிய வேண்டிய நேரம் மாறிப் போகலாம்.

இந்தியாவில் 2017 அக்டோபரில் இருந்து புது மாடல் கார்களுக்கும், 2019 அக்டோபரில் இருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம் ஆனது. மணிக்கு 56 கிலோ மீட்டர் வேகத்தில், காரின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி ஒரு தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே மனிதருக்குப் பதில் பொம்மைகள். அந்தச் சோதனையில் தேறிய காரைத்தான் குடும்பம் காசு கொடுத்து வாங்குகிறது. வாங்கிய பத்தாம் நாளே முன்பக்கத்தை மாற்றிவிட்டால், அது சோதனையில் தேறிய கார் அல்ல. வேறு கார்!

கம்பிக் கவசம் எமன்!

"அழகுக்கு வேண்டாம். பாதுகாப்புக்காக முன்னால் ஒரு இரும்புக் கம்பி போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். இது அழகு ஆசையைவிட ஆபத்தான எண்ணம்.

அந்தக் கம்பியைக் காரின் அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்குகிறார்கள். இடி விழுந்தால், நசுங்கும் பகுதியைத் தாண்டி நேரே உள்ளுக்குள் பாய வழி ஏற்படுகிறது. பம்பரில் விழும் சின்னச் சிராய்ப்பு தப்பும். உள்ளே இருப்பவர் தப்புவாரா?

சாலையில் நடப்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காரின் முன்பக்கம் பிளாஸ்டிக்காக, வளைந்து கொடுப்பதாக இருப்பதற்கு ஒரு காரணம், மோதினால் மனிதருக்குப் படும் அடி குறைய வேண்டும் என்பது. அதன் முன்னால் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தினால், அது ஒரு சிறு பிள்ளையின் தலை உயரத்துக்கோ நெஞ்சு உயரத்துக்கோ வருகிறது. பள்ளிக்கூட வாசலில் அப்படி ஒரு கார் திரும்புவதை நினைத்தாலே நெஞ்சு பதறும்.

2017 டிசம்பரில் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கம்பிக் கவசங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுகளுக்குக் கடிதம் எழுதியது. அதற்குக் காரணம் இந்த ஆபத்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், காரைச் செய்த கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி, சொந்தக்காரர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தண்டனை சொந்தக்காரருக்கு! "கடைக்காரர்தான் மாட்டினார்" என்று சொல்லி அவர் தப்ப முடியாது.

ஒரு சிறு ஒட்டுப் பட்டைக்கெல்லாம் ஜெயில் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் பம்பர், விளக்கு, கண்ணாடி, சக்கரம் என்று வரும்போது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம்.

பாதிப் பணம் முழுப் பணம் ஆகும்!

இனி அப்பாவின் கணக்கைப் பார்க்கலாம்.

கம்பெனி கிட் 30,000 ரூபாய், கடைக் கிட் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லாபம் 15,000. காகிதத்தில் கணக்கு சரிதான்.

ஆனால் பல கடைக் கிட்டுகள் வர்ணம் அடிக்காமல்தான் வரும். காரின் நிறத்துக்கு ஏற்றபடி வர்ணம் கலந்து அடிக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி. வெயிலில் ஒரு வருடம் நின்றால், கார் ஒரு நிறமாகவும் கிட் ஒரு நிறமாகவும் தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

அளவு சரியாகப் பொருந்தாவிட்டால் தேய்ப்பார்கள், பட்டி வைப்பார்கள், துளை போட்டுத் திருகு முடுக்குவார்கள். துளை போட்ட இடத்தில் வர்ணம் உடைகிறது. மழைத் தண்ணீர் புகுகிறது. துரு பிடிக்கிறது. துளை போடாமல் பசை நாடாவால் மட்டும் ஒட்டினால், நெடுஞ்சாலையில் போகும்போது பிய்ந்து பறக்கும். பின்னால் வருகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்தால் அவர் கதி என்ன?

கம்பெனி பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. லேசாக இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வரும். கடைக் கிட்டுகள் பல பைபரால் ஆனவை. பைபர் வளைந்து கொடுக்காது. வெடிக்கும். உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

வேகத்தடையையும் மறக்கக்கூடாது. சிறிய கார்கள் பலவற்றில் தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 16, 17 சென்டி மீட்டர்தான். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் அதுவும் குறையும். விதிப்படி கட்டிய வேகத்தடையின் உயரமே 10 சென்டி மீட்டர். விதியை மீறிக் கட்டியவற்றுக்கு அளவே கிடையாது. இந்த நிலையில் முன்பக்கம் 5 சென்டி மீட்டர் உதடு வைத்தால், தெருவுக்குத் தெரு உதடு உரசும்!

காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டால் என்ஜின் சூடாகும். பம்பரில் பின்னோக்கிப் பார்க்கும் சென்சார் இருந்தால், அதை மறைத்துவிடும் கிட் உண்டு. அப்புறம் "கீ கீ" என்று அது கத்திக்கொண்டே இருக்கும். அல்லது கத்த வேண்டிய நேரத்தில் கத்தாமல் போகும்.

கடைசியாக இன்சூரன்ஸ். பாலிசியில் சொல்லாமல் மாட்டிய சாமானுக்கு நஷ்ட ஈடு கேட்டால் கிடைக்காது. மாற்றம் செய்ததால்தான் விபத்து என்று வந்துவிட்டால், மற்ற நஷ்டத்திலும் வில்லங்கம் வரும்.

இவ்வளவையும் கூட்டினால், பாதிப் பணம் முழுப் பணம் ஆகிவிடும். சில சமயம் அதையும் தாண்டிவிடும்.

கடைக்காரர் பக்கம் நியாயம் இல்லையா?

உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே செய்வதெல்லாம் மட்டம், கம்பெனி செய்வதெல்லாம் உசத்தி என்று சொன்னால் அது தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகம். கரூர் எத்தனையோ பஸ்களுக்குப் பாடி கட்டிய ஊர். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். கம்பெனியில் இருந்து வருவது என்ஜினும் அடிச்சட்டமும்தான். மேல்பகுதி முழுவதும் வெளியே உள்ள பட்டறையில் உருவாகிறது. சென்னையில் சிம்சன் நிறுவனம் 1840-லேயே குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. இந்த மண்ணில் கைத்திறனுக்குப் பஞ்சம் கிடையாது.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ்.-052 என்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. லாரி பாடிக்கு ஏ.ஐ.எஸ்.-093 இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு பலம், எங்கே அவசர வழி என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. அதன்படி கட்டியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கார் கிட்டை அச்சில் வார்த்து விற்பவர் அப்படி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குறை கைத்திறனில் இல்லை. பொறுப்பு இல்லாததில்தான் இருக்கிறது!

பழைய காருக்குக் கம்பெனி பம்பர் கிடைக்காத சமயம் உண்டு. அப்போது அதே அளவில், அதே வடிவத்தில் வெளியே செய்த பம்பரைப் போடுவதில் பிழை இல்லை. உள்ளே உள்ள குறுக்குத் தண்டையும், உணர் கருவியையும், காற்று வழியையும் தொடாமல் இருந்தால் போதும்.

கம்பெனி என்றால் கண்ணை மூடலாமா?

அதுவும் கூடாது.

ஷோரூமில் விற்கும் எல்லாமே கம்பெனி சாமான் அல்ல. சில ஷோரூம்களில் கடைச் சாமானையே வாங்கிக் கம்பெனி விலைக்கு மாட்டிவிடுவது உண்டு. நகைக்கடையில் ஹால்மார்க் முத்திரை பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? அதுபோல, சாமானின் மேல் கம்பெனி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் பில்லில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காருக்கு உள்ள வாரண்டி காலமும் கிட்டுக்கு உள்ள வாரண்டி காலமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டு எழுதி வாங்க வேண்டும். கார் வாங்கும்போதே கிட்டையும் சேர்த்து வாங்கினால், பில்லிலும் இன்சூரன்சிலும் ஒன்றாக ஏறிவிடும்.

கம்பெனி கிட்டும் அழகுக்குத்தான். அதைப் போட்டதால் என்ஜினுக்குப் புதுப் பலம் வந்துவிடாது. கடன் வாங்கிப் போட வேண்டிய சாமான் அல்ல அது.

நான்கு கேள்விகள்

கிட் வாங்குமுன், விற்பவரிடம் நான்கு கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இதை இந்தக் காரில் மாட்டிச் சோதித்தது யார்?

இரண்டு: காற்றுப் பையும், சென்சாரும், காற்று வழியும் கெடாது என்று எழுதித் தருவீர்களா?

மூன்று: காரில் துளை போடாமல், கம்பெனி விட்ட இடத்திலேயே பொருந்துமா?

நான்கு: ஆறு மாதத்தில் பிய்ந்து போனால் யார் பொறுப்பு?

நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் வாங்கலாம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்!" என்று வாய்ப் பதில் வந்தால், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

பிள்ளையின் ஆசைக்கும் வழி இருக்கிறது. கம்பெனி செய்த சிறிய ஸ்பாய்லர் ஒன்று. கம்பெனி எண் உள்ள பக்கப் பட்டை ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. கம்பி போடவே கூடாது. மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கிப் போட்டால், அது மழை நாளில் உயிரைக் காக்கும்.

காருக்குள் உட்காரப் போவது யார்? பெற்ற தாய், கட்டிய மனைவி, மடியில் வளர்ந்த பிள்ளை. அவர்களைவிட அந்த வீட்டுக்கு வேறு அழகு உண்டா?

நகை இல்லாத கார் குறைந்து போகாது. நகைக்கு ஆசைப்பட்டு எலும்பை உடைத்துக்கொண்டால், அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது!